இழைப்பு மிஷினும் மஞ்சள் காப்பும்

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கணக்கு இடிக்கிறதே என்று நினைக்காதீர்கள். மிச்சம் இரண்டும் என் தங்கச்சி பிள்ளைகள், ஜப்பான்காரன் காலத்தில் தாயில்லாமல் நின்றவை. ஒன்பதையும் கஞ்சி ஊற்றித்தான் வளர்த்தேன், ஆனால் ஒன்றையும் அடுத்தவர் வாசலில் போய் நிற்க விடவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்னும் பிடிபடவில்லை. கை போன பக்கம் போட்டிருக்கிறேன். இதை ஆரம்பித்தபோது எங்கள் கிள்ளான் வீட்டு ரம்புத்தான் பூத்திருந்தது. இப்போது பழத்தைத் தின்று தோலையும் கூட்டித் தள்ளியாகிவிட்டது. மெதுவாகத்தான் எழுதினேன். எனக்கென்ன அவசரம்.

என் வயதுக்காரிகளே, இது உங்களுக்குத்தான். மர வேலை மிஷினைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் வீடுகளிலும் இப்போது சுவரில் துளை போடுகிற மிஷின் இருக்கிறது, புல் வெட்டுகிற மிஷின் இருக்கிறது, பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். என் பேத்தி ஒருத்தி பக்கத்து ஊரான மேருவில் கடை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து அலமாரியும் கட்டிலும் செய்கிறாள். ரம்புத்தான் பூக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய ரம்ப மிஷின் ஒன்று லோரியில் வந்திறங்கியது. எலுமிச்சம்பழம் வெட்டித் திருஷ்டி கழிக்க என்னையும் கூட்டிப் போனாள். எல்லாரும் மிஷினைப் பார்த்தார்கள். நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். சிவப்புக் கயிறு. மிஷின் வாங்குகிறாளே என்று பயந்து என் மருமகள், அதாவது அவள் அம்மா, கோயிலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டது. இப்போது அந்தக் கயிறெல்லாம் நைலானில் வருகிறது. இரண்டு ஆள் இழுத்தாலும் அறாது.

கழற்றிவிட்டு வேலை செய் தாயி என்றேன். “இப்ப உள்ள மிஷின் எல்லாம் சேஃப்டி லா பாட்டி” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். மருமகளிடம் நேரே சொல்லலாம்தான். சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும். அன்றையிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஏன் என்று சொல்லவேண்டுமானால், நான் சிறுமியாக இருந்த ஒரு மழைக்காலத்துக்குத்தான் போகவேண்டும்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். பேருக்குக் காரணமான செங்கல் சூளைகள் ஓய்ந்துபோய், மண் எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் ஆறு, நடுவில் எங்கள் பலகை வீட்டு வரிசை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மறு வீட்டில் தும்முவார்கள். ஆற்றோரம் ஒரு சீன முதலாளியின் மரப்பட்டறை இருந்தது. தவுக்கே என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். கதவு, சன்னல், மாட்டு வண்டிக்கு அடிப்பலகை, எல்லாம் அங்கே செய்வார்கள். அப்பா அங்கே தச்சு வேலை.

அந்த மழைக்காலம் வரைக்கும் அப்பா கை வேலைக்காரர். அவர் சாமான் பெட்டியைத் திறந்தால் தேங்காயெண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசம் வரும். இந்த ஊர் ஈரத்தில் இரும்பு சும்மா கிடந்தாலே துருப்பிடிக்கும். அதனால் ரம்பத்தையும் உளியையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். இழைப்புளியை வாய் கீழே படும்படி வைக்கவேமாட்டார், பக்கவாட்டில் சாய்த்துத்தான் வைப்பார். அடியில் ஒரு மணல் கிடந்தால் போதும், கூர் போய்விடும். உளி தீட்டும்போது கல்லின் நடுவிலேயே தேய்த்தால் கல்லில் குழி விழும், கல் முழுக்கப் போய் வரவேண்டும். மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும் என்பார். ஏனென்றால் மழுங்கினதைத்தான் பலங்கொண்ட மட்டும் தள்ளவேண்டியிருக்கும், அது வழுக்கி வந்து கையில் ஏறும்.

அவருடைய இழைப்புளி செங்கால் என்கிற கெட்டி மரத்தில் செய்தது. கைப்பிடி அவர் உள்ளங்கை மாதிரியே தேய்ந்து பள்ளமாகியிருக்கும். நான் என் கையை வைத்துப் பார்ப்பேன், பள்ளத்துக்குள் என் கை தொலைந்துபோகும். ஜப்பான்காரன் காலத்தில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. யாராவது அடுப்பில் வைத்திருப்பார்கள்.

பட்டறையில் மிஷின் ஓட்டினது எங்கள் பக்கத்து வீட்டு மாமா. இழைப்பு மிஷின் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேசை மாதிரி ஒரு இரும்புப் பலகை. நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள் கூர்த்தகடு பதித்த உருளை ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். மேலே மரத்தை வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழு என்று வரும். அதைச் சுற்றுகிற பலம் மேலேயிருந்து வருகிறது. வெளியே கொட்டகையில் எண்ணெய் இன்ஜின் டும் டும் என்று அடிக்க, கூரைக்குக் கீழே ஒரு நீள இரும்புத் தண்டு சுற்றும். தண்டிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கி மிஷின் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மேலே போகும். நிறுத்தவேண்டுமானால் ஒரு மரக்கட்டையைத் தள்ளவேண்டும். பெல்ட் நகர்ந்து, சும்மா சுற்றுகிற வேறொரு சக்கரத்துக்குப் போய்விடும்.

தீபாவளி கழிந்து கந்த சஷ்டியும் முடிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் மாமாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கையில் துண்டு சுற்றியிருந்தது. என்ன நிறத் துண்டு என்று சொல்ல முடியாத அளவுக்கு ஊறியிருந்தது. இரண்டு விரல் போய்விட்டது. அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டே நாளில் குழாயடியில் கதை கட்டிவிட்டார்கள். சஷ்டி விரத நாளில் அத்தை கருவாடு சுட்டாள், அதனால்தான் புருஷன் விரல் போனது என்று. வாசம் வந்ததாக ஒருத்தி சொன்னாள், தட்டைப் பார்த்ததாக இன்னொருத்தி சொன்னாள். என் அம்மாவும் நம்பினாள். போகப் போக அத்தையே நம்பிவிட்டாள். கருவாடு சுட்டது உண்மையோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டே தண்ணீர் பிடித்துப் போவாள்.

மாமா அப்பாவிடம் சொன்னது வேறு. நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், காதில் விழுந்தது. பெல்ட்டைத் தள்ளிவிட்டாராம். மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, பிளவில் அடைத்திருந்த இழைப்புச் சுருளைக் கையால் தட்டிவிட்டாராம். உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

“சத்தம் அடங்கலே மச்சான். அடங்குன மாதிரி இருந்துச்சு” என்றார். திருப்பித் திருப்பி அதையே சொன்னார்.

இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டால் மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, இரண்டும் சரியென்று சொன்ன பிறகும் தூசியைக் கையால் தட்டக்கூடாது. தென்னங்குச்சி விளக்குமாறு எதற்கு இருக்கிறது.

அடுத்த வாரம் தவுக்கே அப்பாவை அந்த மிஷினில் நிறுத்திவிட்டார். பட்டறையில் நிதானமான கை அப்பாவுடையதுதான் என்றாராம். அப்பா வந்து சொன்னபோது அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா அந்த மிஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. பொம்பளைகள் பட்டறைக்குப் போகிற வழக்கமில்லை. பார்க்காததினாலேயே அது அவள் மனதில் வளர்ந்துகொண்டே போனது. அதற்கு வாய் உண்டு, பசி உண்டு, ஒருவருடைய விரலை ருசி பார்த்துவிட்டது, இனி விடாது என்கிற மாதிரிதான் பேசுவாள்.

அவள் பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். தைப்பூசம் வரைக்கும் இவர் கைக்கு ஒன்றும் ஆகாமல் காப்பாற்று, பால்குடம் எடுக்கிறோம் என்று. வேண்டுதலுக்கு அப்பா கையில் காப்பு கட்டவேண்டும். காப்பு கட்டினால் பூசம் முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் கழற்றக்கூடாது. அறுந்து விழுந்தால் அபசகுனம். அந்தப் பயத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். கடையில் விற்கிற நூலை நம்பாமல், தானே பருத்தி நூலை எத்தனையோ இழையாகச் சேர்த்து, மஞ்சளில் ஊறவைத்து, தொடையில் வைத்து முறுக்கினாள். முறுக்கி, மறுபடியும் மடித்து முறுக்கினாள். ஒரு முனையை என் கையில் கொடுத்து மறு முனையைத் தான் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நூல் அறவில்லை. நான்தான் பலகைத் தரையில் சறுக்கிக்கொண்டு போய் அவள் மேல் விழுந்தேன். அன்றைக்கு அவள் சிரித்ததுதான், அதற்கப்புறம் பூசம் வரைக்கும் நான் அவள் சிரித்துப் பார்க்கவில்லை.

அப்பா அந்தக் கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தார். “ஒத்தை நூலா கட்டேன் புள்ள. அதுக்கும் சாமி வரும்ல” என்றார்.

“ஒத்தை நூல்ல தொங்குறதுக்கா நம்ம பொழப்பு இருக்கு? கையை நீட்டுங்க” என்றாள் அம்மா.

அப்பா கையை நீட்டினார். ஒரு மஞ்சள் துண்டைக் கோர்த்துக் கட்டினாள்.

மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. அடுக்குச் சட்டியின் பிடி விரலை அறுக்கும், கை மாற்றிக் கை மாற்றித்தான் கொண்டுபோவேன். பட்டறை வாசலிலேயே மரத்தூள் மூக்கில் ஏறும். மெராந்தி மரம் அறுத்தால் ஒரு வாசம், செங்கால் அறுத்தால் புளித்த வாசம். மிஷினிலிருந்து தள்ளி அப்பா தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நான் வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். மிஷின்கிட்ட நிற்கிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. திரும்பிப் பார்ப்பான், திரும்புகிற நேரத்தில் கை எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. பலகை முடியப்போகும்போது அப்பா கையால் தள்ளமாட்டார், ஒரு துண்டுக் கட்டையை வைத்துத் தள்ளுவார். தோளில் துண்டு போடமாட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிச் சுருட்டியிருப்பார். நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அவர் முடித்து, பெல்ட் கட்டையைத் தள்ளி, சத்தம் முழுக்க அடங்கி, அப்புறம்தான் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

காப்பு கட்டி சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அந்தக் கோட்டில் நின்றுகொண்டு பார்க்கிறேன், அப்பா மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தேன். சன்னலோரம் அவருடைய பழைய இழைப்புளி சாய்ந்திருந்தது. அதன் கைப்பிடியில் மஞ்சள் கயிறு மாட்டியிருந்தது.

அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்லவில்லை. ஒரு கிழிந்த கோணியிலிருந்து நீளமாக ஒரு சணல் நூலை உருவி, ஒரு குச்சியின் நுனியில் கட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கமே என்னை நிற்கச் சொல்லிவிட்டு, ஓடுகிற பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் நூலை மட்டும் காட்டினார். கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. நூலும் போனது, அவர் கையிலிருந்த குச்சியும் போனது. குச்சி எங்கோ சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் பிடியை விட்டுவிடத் தயாராக இருந்ததால் கை தப்பியது.

“இதுக்குச் சாமி நூலும் தெரியாது, கோணி நூலும் தெரியாது பாப்பா” என்றார்.

சாயங்காலம் வேலை விட்டதும் குழாயில் கை கழுவிவிட்டு, கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையைக் குவித்து அதை மாட்டிக்கொண்டு வருவாராம். காலையில் அதே மாதிரி கண்ணில் ஒற்றித்தான் கழற்றுவாராம். அப்போது எனக்கு அந்த ஒற்றுதல் கண்ணில் படவில்லை. அப்பா சாமியை ஏமாற்றுகிறார் என்று மட்டும்தான் தெரிந்தது.

அதிலிருந்து எனக்கு இரண்டு பயம். கயிற்றோடு நின்றால் மிஷின் இழுத்துக்கொள்ளும். கயிறு இல்லாமல் நின்றால் சாமி கோபித்துக்கொள்ளும். ஒரு பயத்துக்கு இன்னொரு பயத்திடம் போய் ஒளிய முடியவில்லை. சோறு கொண்டுபோய் அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, ரசம் சோற்றைப் பிசைகிற விரல்களையும் சட்டியைப் பிடித்திருக்கிற விரல்களையும் சேர்த்து எண்ணுவேன். பத்தும் இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். வெளியே மழை பெய்யும், ஆறு சிவப்பாக ஓடும். மழை நாளில் பெல்ட் ஈரம் பட்டுச் சறுக்கிக் கீச்சென்று கத்தும். வீட்டிலிருந்தே எனக்கு அது கேட்கிற மாதிரி இருக்கும். கேட்கவே கேட்காது, அவ்வளவு தூரம். ஆனால் கேட்கும்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அவள் தினமும் அப்பா சட்டையைத் துவைக்கிறவள். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையும் மரத்தூளுமாக இருக்க, கயிறு மட்டும் கட்டின அன்றைக்கு இருந்த மஞ்சள் மாறாமல் இருந்தது. அப்பா அதைக் கழற்றி வைக்கிறார் என்று கண்டுகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், கயிறு தளர்ந்துபோச்சு என்று பூசாரியிடம் சொல்லி, தானே அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். இந்தத் தடவை நூலைத் தண்ணீரில் நனைத்து, இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சு. காய்ந்ததும் அது சதையோடு ஒட்டிக்கொண்டது. கையை எப்படிக் குவித்தாலும் இனி கழலாது. அறுத்தால்தான் உண்டு. மீந்த நுனியை வெட்டாமல் விட்டிருந்தாள், அது விரல் நீளத்துக்குத் தொங்கியது.

அப்பா அந்த நுனியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பூசாரி நின்றார், ஊர்க்காரர்கள் நின்றார்கள். திருநீறு வாங்கிக்கொண்டார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவளும் நேரே கேட்டிருக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, நடுவில் அந்தக் கையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மறுநாள் எனக்குச் சோறு கொண்டுபோகக் கால் எழும்பவில்லை. வயிறு வலிக்கிறது என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே வலித்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வெளியே மழையைப் பார்த்தாள், அடுக்குச் சட்டியைத் தானே எடுத்துக்கொண்டாள். வழி தெரியாது, நீ வந்து காட்டு என்று என்னையும் பிடித்துக்கொண்டாள். தெருவுக்குக் கட்டுகிற சேலை ஈரமாகக் கிடந்ததால், வீட்டுக்குக் கட்டுகிற பழைய நூல் சேலையோடேயே வந்தாள். துவைத்துத் துவைத்து நைந்து, வெயிலில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற சேலை.

பட்டறை வாசலில் அவள் ஒரு கணம் நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிது. அப்பா ஒரு நீளப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கை கோயிலில் கட்டின கட்டோடு இருந்தது, நுனியை மட்டும் கயிற்றுக்குள்ளேயே செருகியிருந்தார். நான் என் கோட்டில் போய் நின்றேன். அம்மா நிற்கவில்லை. அவளுக்குக் கோடு தெரியாது. நான் அவள் சேலையை எட்டிப் பிடிப்பதற்குள், சோறு ஆறிவிடும் என்கிற மாதிரி, பெல்ட் இறங்குகிற பக்கமாகவே நடந்து போய்விட்டாள். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தாரே, நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பெல்ட் ஓடும்போது ஒரு காற்று வீசும். அந்தக் காற்றில் அவள் முந்தானை ஒரு தடவை படபடத்தது. அவ்வளவுதான். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபடுகிறாள், அடுக்குச் சட்டி தரையில் உருளுகிறது. அப்புறம் துணி கிழிகிற சத்தம். நீளமாக, கடைக்காரன் துணி கிழித்துக் கொடுப்பானே, அந்த மாதிரி. அம்மா மரத்தூளில் உட்கார்ந்த மேனிக்கு விழுந்தாள். அப்பா எப்போது கட்டையைத் தள்ளினார் என்று நான் பார்க்கவில்லை. பெல்ட் நகர்ந்துவிட்டது. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. அம்மாவின் முந்தானை அதில் சுற்றிக்கொண்டு, தலைப்பாகை மாதிரி உருண்டு உருண்டு, மெதுவாக, மெதுவாக, நிற்கவே மனசில்லாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

தவுக்கே ஓடி வந்தார். சீனத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே தன் சட்டையைக் கழற்றி அம்மா மேல் போட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. அந்தச் சக்கரம் முழுசாக நிற்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கிழிந்த விளிம்பைக் கையில் எடுத்து விரலால் தடவினாள்.

“நைஞ்ச சேலைங்க. அதான் கிழிஞ்சு விட்டுச்சு” என்றாள்.

அப்பா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். அவள் பார்வை அவர் மணிக்கட்டுக்குப் போனது. வெகு நேரம் அங்கேயே இருந்தது.

“உளி எங்க?”

அப்பா அசையவில்லை. அம்மாவே எழுந்து, சன்னலோரப் பலகையிலிருந்து உளியை எடுத்து வந்து, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கயிற்றுக்கு அடியில் உளியை நுழைத்து அறுத்தாள். அறவில்லை. அப்பா தீட்டின உளி, முடியை வைத்தால் இரண்டாகும். அதற்கும் அறவில்லை. அவளே முறுக்கினது. ஒவ்வொரு இழையாக, அழுதுகொண்டே, சதையில் படாமல் அறுத்தாள். கடைசி இழை அறுந்ததும் அப்பா மணிக்கட்டில் வளையம் போட்ட மாதிரி ஒரு தடம் இருந்தது. அதை முந்தானையால் துடைக்கப் போனாள். முந்தானை இல்லை.

அந்தக் கயிற்றை அவள் எறியவில்லை. தன் கையில் வைத்து, பல்லால் ஒரு முனையைப் பிடித்து முடிச்சு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். ஒருத்தர் காப்பை இன்னொருத்தர் கட்டிக்கொள்ள சாத்திரத்தில் இடமில்லை என்றார். என் அம்மா யாரிடமும் எதிர்த்துப் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள்.

“வேண்டிக்கிட்டது நான் சாமி. அவரு என்ன செஞ்சாரு? என் வேண்டுதல் என் கையில இருக்கட்டும்.”

அங்கிருந்து நேரே குழாயடிக்குப் போனாள். பொம்பளைகள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை கடைசியில், குடத்தோடு தலை குனிந்து நின்றாள். அம்மா அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். “கருவாட்டுல ஒண்ணுமில்ல அண்ணி. நான் பாத்தேன். பெல்ட்டைத் தள்ளுனாலும் சக்கரம் நிக்கல, அதான்” என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, விரல் போன நாளில் அழாத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதாள். வரிசையில் முன்னால் நின்றவள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டாள்.

தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தாள். பத்துமலை ஏறும்போது நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். கூட்டத்தில் தள்ளுவார்கள் என்று அப்பா தன் கையால் குடத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் சாமியைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். குடத்தின் மேலிருந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு ஏறினேன். கீழே இறங்கி அம்மா கயிற்றை அவிழ்த்து ஆற்றில் விட்டாள். அப்பா அதற்கப்புறமும் பல வருடம் அந்த மிஷினில் நின்றார். மிஷின் பக்கம் போகும்போது மோதிரம்கூடப் போடமாட்டார். கடைசியில் கிழவராகி, இருமி இருமி, என் மடியில்தான் போனார். ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்தது நான்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். பத்தும் இருந்தது.

அவ்வளவுதான் என் வயதுக்காரிகளே. நம் பிள்ளைகள் மிஷின்கிட்ட போகும்போது நமக்குப் பயம் வரத்தான் செய்யும். பயந்தால் ஒரு நூல் கட்டத் தோன்றும், வளையல் போடத் தோன்றும், பூ வைத்து அனுப்பத் தோன்றும். கட்டுங்கள், உங்கள் கையில் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையை வெறுமையாக அனுப்புங்கள். கூந்தலை அள்ளி இறுக்கி முடிந்துகொள்ளச் சொல்லுங்கள், துப்பட்டாவை ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். ரம்ப மிஷின் முன்னால் நேராக நிற்கவேண்டாம், ஒரு பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். மரத்தை அது சில சமயம் திருப்பி எறியும். தரையில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

இந்தா தாயி, மேருவிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாய், தலையெல்லாம் மரத்தூள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார். நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவள், என் கோணல் எழுத்து உனக்குப் புரியும். முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு, நான் எழுத நினைத்ததுதான் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கவேண்டும். உனக்குள்ளேயே முணுமுணுக்காதே, சத்தமாகப் படி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள்.